மலையேறும் வண்டியை மனையிற் பேணுதல்

எழுத்தும் சொல்லும் பொருளும் ஆராயவேண்டிய தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவன் ஒருவன் எண்ணெயும் இரும்பும் பற்றிக் கட்டுரை எழுதப் புகுந்தது எற்றுக்கு என நண்பர் சிலர் வியத்தல் கூடும். அதற்குக் காரணம் ஒன்று உண்டு. அஃது எனக்குப் பெருமை தருவதன்று. எனினும், அதனை முதற்கண் கூறிவிட்டுப் பின்னர்ப் பொருளுட் புகுதலே முறையாகும்.

என் தாய்மாமன் கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிக்கு அப்பால், காப்பியும் மிளகும் மலைவாழையும் பயிராகும் சிறு தோட்டம் ஒன்றை உடையவர். தார்ச்சாலை முடியும் இடத்திலிருந்து அத்தோட்டம் நான்கு மைல் தொலைவில் உள்ளது. அந்நான்கு மைலும் கல்லும் சேறும் குறுக்கோடும் ஓடைகளுமாகிய வழி. 108 என்னும் எண்ணை அழைத்தால் வரும் ஆம்புலன்சு வண்டியும் தார்ச்சாலையின் முடிவில் நின்றுவிடும். அதற்கு மேலுள்ள குடியிருப்புக்களில் யார்க்கேனும் ஓர் இடர் நேரின், மாமனுடைய பழைய டீசல் ஜீப்பே அவர்களைக் கீழே கொண்டுசேர்த்தல் வேண்டும்.

ஓராண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் நான் அங்குத் தங்கியிருந்தேன். பாட்டரியின் முனைகளில் வெண்மையும் பசுமையும் கலந்த உப்புப் பூத்திருந்ததை மாமன் எனக்குக் காட்டி, "மருமகனே, இதனை இன்றைக்குக் கழுவித் துடைத்துவிடு" என்றார். கால்மணி நேரத்தில் முடியும் வேலை. நாளைச் செய்வேன் என்றேன். மறுநாளும் அவ்வாறே சொன்னேன். மூன்றாம் நாள் அந்தியில், காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்த பெண்ணொருத்தியை விரியன் தீண்டிற்று. அவளை வண்டியில் ஏற்றிச் சாவியைத் திருப்பினோம். 'டக்' என்னும் ஓரொலி எழுந்ததேயன்றி எஞ்சின் அசையவில்லை. திருப்புமுன் விளக்குக்கள் நன்றாக எரிந்திருந்தன; ஆதலின் பாட்டரியின் பக்கம் குறையில்லை என்று நம்பி, ஸ்டார்ட்டரைத் தட்டினோம்; அதன் கம்பிகளை அசைத்தோம்; இருட்டிற் கருவிகளைத் தேடினோம். முற்றம் பள்ளத்தில் இருந்தமையால் வண்டியைத் தள்ளி ஓட்டவும் இயலவில்லை. நாற்பது நிமிடம் கழிந்தபின், மாமன் தற்செயலாய்ப் பாட்டரி முனையின் பிடியைத் தொட்டார், அது சுட்டது. கத்தியாற் சுரண்டி இறுக்கியவுடன் எஞ்சின் ஓடிற்று.

அப்பெண் பிழைத்தாள். எனினும் சிறுநீரகம் நலிந்து மூன்று வாரம் மருத்துவமனையிற் கிடந்தாள். இன்னும் முன்னரே கொணர்ந்திருக்கலாகாதா என்று மருத்துவர் கேட்டார். மாமன் என்னை ஒரு சொல்லும் கடிந்திலர். அதன்பின் வந்த விடுமுறைகளிலெல்லாம் அவருடன் இருந்து அவ்வண்டியைப் பேணும் முறையைக் கற்றேன். அவ்வாறு கற்றவற்றுள் பிறர்க்கும் பயன்படத்தக்கவற்றை ஈண்டுத் தொகுத்துரைப்பேன்.

எந்நிலத்தும் செல்லும் வண்டி

மேடும் பள்ளமும், மணலும் சேறும் என்னும் வேறுபாடின்றி எந்நிலத்தும் செல்லவல்ல மோட்டார் வண்டிகள் பலவகைப்படும். மேனாட்டுப் பண்ணைகளில் மோட்டார் சைக்கிளிற்போலக் கால்பரப்பி அமர்ந்து ஓட்டும் சிறு வண்டி ஒருவகை. அவ்வகைக்கு முன்னோடியாகிய மூன்று சக்கர வண்டியொன்றை ஹோண்டா நிறுவனத்தார் 1970-இல் விற்பனைக்குக் கொணர்ந்தனர். நம் மலைப்பகுதிகளில் அத்தகையன அருகியே காணப்படும். இங்குத் தோட்டத்து மூட்டையையும் பள்ளிப் பிள்ளையையும் நோயாளியையும் ஒருங்கே சுமப்பது ஜீப்பேயாம்.

ஜீப்பின் பிறப்பு இரண்டாம் உலகப் போரோடு இயைந்தது. 1940-இல் அமெரிக்கப் படைத்துறையினர், எடை குறைந்ததும் நான்கு சக்கரங்களாலும் உந்தப்படுவதுமாகிய சிறு வண்டி ஒன்று வேண்டுமென்றனர். பான்டம் என்னும் சிறு நிறுவனம் அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களில் முதல் மாதிரியைச் செய்தளித்தது. பின்னர் வில்லிஸ், போர்டு என்னும் இரு நிறுவனங்களும் 1941 முதல் 1945 வரை ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைச் செய்தன. நம் நாட்டில் மகிந்திரா நிறுவனத்தார் 1940-களின் இறுதியில் வில்லிஸ் வண்டியின் உறுப்புக்களைத் தருவித்துப் பம்பாயிற் பூட்டத் தொடங்கினர். அவ்வழிவந்த வண்டிகளே நெடுங்காலம் நம் மலைகளில் ஓடின. இன்றும் பல ஓடுகின்றன.

இவ்வரலாற்றை இங்குக் கூறியது வீணன்று. போர்க்களத்திற் பட்டறை இல்லை. ஓட்டுபவனே சில கருவிகளைக் கொண்டு பழுதுநீக்க வேண்டியிருந்தமையின், இவ்வண்டியின் உறுப்புக்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியுமாறும் கைக்கு எட்டுமாறும் அமைந்தன. ஆதலின் பழைய ஜீப்பை உடையவர் அதனை வீட்டிற் பேணுதல் அரிய செயலன்று. கணினியால் ஆளப்படும் புதிய வண்டிகளிற் பழுதுநீக்கம் பெரும்பாலும் பட்டறைக்கு உரியதாயினும், கீழே கூறப்படும் பேணல் முறைகளுட் பெரும்பாலன அவற்றுக்கும் பொருந்துவனவே.

நாட்கடன்

வண்டி புறப்படுமுன் நாள்தோறும் செய்யவேண்டியவற்றுக்குப் பத்து நிமிடம் போதும். முதலாவது, வண்டி இரவில் நின்ற தரையை நோக்குக. கரிய எண்ணெய்த் துளி எஞ்சினிலிருந்து ஒழுகியது. நிறமுடைய நீர் ரேடியேட்டரிலிருந்து வந்தது. சக்கரத்தின் உட்புறத்தில் வழவழப்பான ஈரம் காணின் அது பிரேக்கு ஆயிலாயிருத்தல் கூடும். முதலிரண்டும் காணப்படின் அளவைச் சோதித்து, ஒழுக்கு மிகாதவழி வண்டியை எடுக்கலாம். மூன்றாவது காணப்படின் வண்டியை எடுத்தலாகாது.

இரண்டாவது, எஞ்சின் எண்ணெய். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஓடாத நிலையில் அளவுக்கம்பியை உருவித் துடைத்து, மீளச் செருகி எடுத்துப் பார்த்தல் வேண்டும். எண்ணெய் இரு குறிகளுக்கும் இடையில் நிற்பது நலம். மேற்குறிக்கு மேல் ஊற்றுதலும் தீங்கே. எண்ணெய் பால்போல வெளுத்திருப்பின் நீர் கலந்துள்ளது. அந்நிலையில் எஞ்சினை ஓட்டற்க.

மூன்றாவது, குளிர்விக்கும் நீர். இதனை எஞ்சின் ஆறியிருக்கும்போதே பார்த்தல் வேண்டும். நான்காவது, பிரேக்கு ஆயிலின் கிண்ணம். அதில் அளவு திடீரெனக் குறைந்திருப்பின், ஊற்றி நிரப்புவதோடு அமையாது, எங்கே ஒழுகிற்று எனத் தேடுக. ஐந்தாவது, டயர்கள். காற்றளவை டயர் குளிர்ந்திருக்கும்போது அளவியால் அறிதல் வேண்டும். பக்கச் சுவரிற் கல் கீறிய வெட்டு உண்டா எனக் கையால் தடவிப் பார்க்க. மலைவழியில் டயர் கெடுவது அடியினும் பக்கத்திலேயே மிகுதி.

திங்கட்கடன்

திங்களுக்கு ஒருமுறை செய்யவேண்டியவற்றுள் தலையாயது பாட்டரி முனைகளைத் துப்புரவாக்குதல். முதலிற் கழிமுனையின் பிடியைக் கழற்றுக. பின்னர்க் கூட்டுமுனையைக் கழற்றுக. பூட்டுங்கால் இம்முறையை மாற்றிக் கழிமுனையை இறுதியிற் பூட்டுக. என்னை? வண்டியின் உடல் முழுதும் கழிமுனையோடு இணைந்துள்ளது. கழிமுனை பூட்டியிருக்கும்போது கூட்டுமுனையிற் பிடித்த ஸ்பானர் உடலிற் பட்டால், மின்னோட்டம் அதன்வழிப் பாய்ந்து தீப்பொறி பறக்கும். பாட்டரியினின்று எழும் ஆவி தீப்பற்றும் இயல்பினது. ஆதலால் பீடியும் சிம்னி விளக்கும் அவ்விடத்து ஆகா. முனைகளிற் பூத்த உப்பைச் சமையற் சோடாவைக் கரைத்த வெந்நீராற் கழுவி, அக்கரைசல் பாட்டரியின் அறைகளுட் புகாமற் காத்து, உலர்த்தித் தேய்த்துப் பூட்டியபின் வாசலின் தடவுக. எஞ்சினையும் சட்டத்தையும் இணைக்கும் எர்த்துப் பட்டையின் இருமுனைகளையும் அவ்வாறே துடைக்க. பலர் மறப்பது இதனையே.

அடுத்தது காற்று வடிகட்டி. பழைய ஜீப்புக்களிற் பெரும்பாலும் எண்ணெய்க் கிண்ணம் உடைய வடிகட்டியே இருக்கும். கிண்ணத்தின் அடியிற் சேறு படிந்திருப்பின் கொட்டிக் கழுவிக் குறித்த அளவு புதிய எண்ணெய் ஊற்றுக. புழுதிக் காலத்தில் இதனை வாரந்தோறும் பார்த்தல் நன்று. டீசல் வடிகட்டியின் அடியில் உள்ள திருகைத் தளர்த்திச் சிறிது டீசலைக் கண்ணாடிக் குப்பியிற் பிடித்து நோக்குக. நீர் டீசலினும் கனமுடையதாதலின் அடியிற் பிரிந்து நிற்கும். தூய டீசல் வரும்வரை வடித்து, திருகை இறுக்குக.

மூன்றாவது கிரீஸ் இடுதல். பட்டைவில்லின் ஊசல்களிலும், புரோப்பெல்லர் ஷாப்டின் குறுக்கு மூட்டுக்களிலும், ஸ்டீயரிங் மூட்டுக்களிலும் நிப்பிள்கள் உள்ளன. கிரீஸ் இடுமுன் நிப்பிளைத் துடைக்க வேண்டும். இன்றேல் அதன்மேற் படிந்த மணலையும் உள்ளே செலுத்தியவராவோம். பழைய கிரீஸ் வெளிப்பட்டுப் புதியது தோன்றும்வரை இடுக. பட்டைவில்லை அச்சோடு பிணிக்கும் யு போல்ட்டுகளின் மரைகளையும் சக்கர மரைகளையும் இறுக்கிப் பார்க்க; கல்வழியில் இவை தளர்தல் இயல்பு.

விசிறிப் பட்டையின் நடுவிற் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ அரை அங்குலம் அமிழ்தல் வேண்டும். மிகத் தளர்ந்திருப்பின் டைனமோவும் நீர்ப்பம்பும் நன்கு சுழலா. மிக இறுகியிருப்பின் அவற்றின் பேரிங்குகள் தேயும்.

புறப்படாத வண்டியை ஆராய்தல்

வண்டி புறப்படாதபோது நாம் செய்யும் பிழை, முதலில் தோன்றிய ஐயத்தையே முடிவாகக் கொண்டு கைவைப்பது. எளியதை முன்னும் அரியதைப் பின்னும் ஆராய்தல் வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றனையே மாற்றுதல் வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் வண்டி ஓடினும் நோய் யாதென அறியோம். மறுபடியும் அதே இடத்தில் நிற்போம்.

முதல் வினா: ஸ்டார்ட்டர் எஞ்சினைச் சுழற்றுகிறதா? சுழற்றவில்லையெனின் மின்வழியை ஆராய்க. முகவிளக்கை ஏற்றி வைத்து, மற்றொருவர் சாவியைத் திருப்ப, விளக்கை நோக்குக. திருப்பியவுடன் விளக்கு மங்கி அவிந்தாற் போலானால், பாட்டரி வலியிழந்துள்ளது அல்லது முனைகளிற் பிடிப்பு இல்லை. விளக்கு மங்காமல் நின்று, ஒலியும் எழவில்லையெனின், சாவியினின்று ஸ்டார்ட்டருக்குச் செல்லும் சிறு கம்பியில் தடையிருக்கலாம். ஒலி எழுந்தும் விளக்கு மங்கவில்லையெனின், ஸ்டார்ட்டரின் உட்குறையை ஐயுறலாம்.

நாங்கள் ஏமாந்தது ஏன் என்பது இப்போது விளங்கும். முகவிளக்கு ஒன்று ஏறத்தாழ ஐந்து ஆம்பியர் மின்னோட்டமே கொள்வது. டீசல் எஞ்சினின் ஸ்டார்ட்டரோ இருநூறு ஆம்பியரும் அதற்கு மேலும் கொள்வது. உப்புப் பூத்த முனையில் ஓர் ஓமில் நூற்றில் இரண்டு பங்கு தடை இருப்பதாகக் கொள்வோம். ஐந்து ஆம்பியர் பாயும்போது அங்கே இழப்பது ஒரு வோல்ட்டிற் பத்தில் ஒரு பங்கு. விளக்கின் ஒளியில் வேறுபாடு தோன்றாது. இருநூறு ஆம்பியர் பாயவேண்டும்போது இழப்பது நான்கு வோல்ட்டு, பன்னிரண்டில் எட்டே எஞ்சும், ஸ்டார்ட்டர் சுழலாது. இழந்த ஆற்றல் வெப்பமாகி முனையைச் சுடச்செய்யும். சாவியைத் திருப்புமுன் விளக்கைப் பார்த்தோம், திருப்பும்போது பார்த்திலோம். பார்த்திருப்பின் ஒரு நிமிடத்தில் அறிந்திருப்போம்.

பாட்டரியின் நிலையை வோல்ட்டு அளவியால் எளிதில் அறியலாம். ஓய்ந்திருக்கும் நல்ல பாட்டரி 12.6 வோல்ட்டளவு காட்டும். 12 வோல்ட்டளவில் நிற்பது பெரிதும் தீர்ந்துபோனது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டாவிடின் டைனமோ மின்னேற்றவில்லை என்று கொள்க.

இரண்டாம் வினா: எஞ்சின் சுழன்றும் பற்றவில்லையா? டீசல் எஞ்சினிற் பெட்ரோல் எஞ்சினிற்போலத் தீப்பொறியிடும் பிளக்கு இல்லை. காற்றை மிக அழுத்துவதால் எழும் வெப்பத்திலேயே டீசல் பற்றுகிறது. ஆகவே காற்று, டீசல், வெப்பம் என்னும் மூன்றனுள் எது குறைந்தது என்பதே வினா. குளிர்காலைகளிற் சில எஞ்சின்களில் உள்ள ஹீட்டர் பிளக்குகள் பழுதுற்றிருப்பின் வெப்பம் குறையும். தொட்டியில் டீசல் வற்றி மீள நிரப்பினாலும், குழாயின் மூட்டு ஒன்று தளர்ந்தாலும், வழியிற் காற்றுப் புகுந்து டீசலைத் தடுக்கும். இதனை 'ஏர் பிடித்தல்' என்பர். வடிகட்டியின் தலையில் உள்ள சிறு திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அமுக்கிக்கொண்டே இருக்க, முதலில் நுரையும் பின்னர்க் குமிழியற்ற டீசலும் வரும். அப்போது அமுக்கிய நிலையிலேயே திருகை இறுக்குக. இவ்வளவே வீட்டிற்குரியது. நாசிலுக்குச் செல்லும் உயரழுத்தக் குழாய்களைத் தளர்த்தி விரலால் தடவுவது பேரிடர். அங்கிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்துச் சதையுட் புகும். காயம் சிறிதாய்த் தோன்றினும் உடனே மருத்துவம் வேண்டுவது.

புகையும் வெப்பமும் கூறுவன

எஞ்சின் விடும் புகை அதன் நிலையைக் கூறும். கரும்புகை மிகின் காற்றுக் குறைவு அல்லது டீசல் மிகுதி. முதலிற் காற்று வடிகட்டியைத் திறந்து பார்க்க. நீலப்புகை எஞ்சின் எண்ணெய் எரிவதைக் காட்டும். வெண்புகை குளிர்காலையிற் சிறிது தோன்றி மறையின் அச்சமில்லை. எஞ்சின் சூடேறிய பின்னும் நீங்காவிடின், எரியாத டீசலோ கசிந்த நீரோ வெளிவருகிறது. அதனோடு ரேடியேட்டர் நீரும் குறைந்துவரின் காலந்தாழ்த்தாது பட்டறையை நாடுக.

மலையேறுகையில் எஞ்சின் மிகச் சூடாவதற்குக் காரணம் பல. ரேடியேட்டரின் முகத்திற் சேறும் புல்விதையும் அடைத்தல், விசிறிப் பட்டை தளர்தல், தெர்மோஸ்டாட் திறவாமை, நீர்க்குழாய் கசிதல் என்பன அவற்றுட் சில. மற்றொன்றும் உண்டு. ஐயாயிரம் அடி உயரத்தில் நீர் 95 பாகை வெப்பத்திலேயே கொதித்துவிடும். ரேடியேட்டரின் மூடி உள்ளே அழுத்தத்தைக் காத்து நீர் கொதிக்கும் நிலையை உயர்த்துகின்றது. ஆதலின் மூடியின் இரப்பர் தேய்ந்திருந்தால், நீர் நிறைந்திருந்தும் வண்டி கொதிக்கும். சில நூறு ரூபாய் மூடியை மாற்றாமல் எஞ்சினைப் பிரித்தவர்களும் உளர். கொதிக்கும் வண்டியின் மூடியை உடனே திறத்தலாகாது. அழுத்தம் நீங்கிய நீர் ஆவியாய்ப் பொங்கி முகத்தையும் கையையும் வேகச்செய்யும். அரைமணி நேரம் ஆறவிட்டு, தடித்த துணியாற் பற்றிச் சிறிது சிறிதாகத் திறக்க.

இறங்குவழியும் பிரேக்கும்

ஏறமுடியாத வண்டி நின்றுவிடும். இறங்குகையில் நிற்கமுடியாத வண்டியோ உயிரைக் கொள்ளும். ஆகவே பிரேக்கைப் பற்றிச் சிறிது விரித்துரைப்பேன். மிதியை அழுத்தும்போது பஞ்சுபோல் அமுங்கின், குழாயிற் காற்றுப் புகுந்துள்ளது. அழுத்திப் பிடித்த மிதி மெல்ல மெல்லக் கீழிறங்கின், எங்கோ ஒழுக்கு உண்டு அல்லது மாஸ்டர் சிலிண்டர் தேய்ந்துள்ளது. வண்டி ஒரு பக்கம் இழுப்பின், ஒரு சக்கரத்தின் லைனிங்கில் எண்ணெய் பட்டிருக்கலாம் அல்லது இருபுறமும் ஒத்த அளவிற் சரிசெய்யப்படவில்லை. இக்குறிகளுள் ஒன்று காணினும் மலையிறங்குதல் தகாது.

பிரேக்கு ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும் இயல்பினது. ஈரம் கலக்கக் கலக்க அது குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். நெடிய இறக்கத்தில் டிரம் சூடேறி, ஆயில் கொதித்து ஆவியானால், மிதி வெறுமையாய்த் தரைவரை செல்லும். இதனைத் தவிர்க்க ஈராண்டுக்கு ஒருமுறை ஆயிலை முற்றும் மாற்றுக. வண்டிக்குக் குறித்த வகையையே ஊற்றுக. எஞ்சின் எண்ணெயையோ வேறெண்ணெயையோ அவசரத்துக்கு ஊற்றினால் உள்ளிருக்கும் இரப்பர்கள் உப்பிக் கெடும். ஓட்டுமுறையும் பேணலின்பாற்பட்டதே. எந்தக் கியரில் அவ்வழியை ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்கினால், எஞ்சினே வண்டியைப் பெரிதும் தாங்கும். ஓடையைக் கடந்தவுடன் மெல்ல ஓட்டிக்கொண்டே சிலமுறை பிரேக்கை இலேசாய் அழுத்தி லைனிங்கை உலர்த்துக.

நான்கு சக்கர இயக்கம்

முன்சக்கரங்களையும் இயக்கும் நெம்புகோல் ஜீப்புக்குத் தனிச்சிறப்பு. அதனைச் சேற்றிலும் மணலிலும் இளகிய கல்லிலுமே பயன்படுத்தல் வேண்டும். வளைவிற் செல்லும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களினும் மிகுந்த தொலைவு செல்வன. இளகிய நிலத்திற் சக்கரம் சிறிது வழுக்கி இவ்வேறுபாட்டை ஈடுசெய்யும். உலர்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமின்மையால் பல்சக்கரங்களும் ஷாப்டுகளும் முறுக்குண்ணும்; நெம்புகோலும் விடுபடாது இறுகிவிடும். அப்போது சுத்தியாலடித்தல் மடமை. வண்டியை நேராகச் சிறிது தூரம் பின்னோக்கி ஓட்டினால் முறுக்கு அவிழ்ந்து நெம்புகோல் தானே இளகும். நான்கு டயர்களும் ஒரே அளவினவாக இல்லாவிடினும் இத்தொல்லை நேரும்.

ஓடைநீர் அச்சின் பெட்டியுட் புகுவதற்கும் காரணம் உண்டு. ஓடிச் சூடேறிய டிபரன்ஷியல் பெட்டி குளிர்நீரில் அமிழ்ந்தவுடன் உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கும். பெட்டியின் மேலுள்ள மூச்சுத்துளை சேற்றால் அடைபட்டிருந்தால், அச்சுருக்கம் சீல்களின் வழியே நீரை உள்ளிழுக்கும். ஆகவே மழைக்காலத்தில் மூச்சுத்துளையைத் துடைத்து வைக்க. எண்ணெயைச் சிறிது வடித்துப் பார்த்து, வெளுத்திருப்பின் முற்றும் மாற்றுக.

காவலும் எல்லையும்

வீட்டிற் பழுதுநீக்குவோர் மூன்று காவல்களை மறத்தலாகாது. ஜாக்கி ஒன்றையே நம்பி வண்டியின் அடியிற் புகுதல் கூடாது. சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக்கு இட்டு, எதிர்ச்சக்கரங்களுக்கு அணைகல் வைத்து, சட்டத்தை உறுதியான இரும்புத் தாங்கியின்மேல் இருத்திய பின்னரே புகுக. எஞ்சின் ஓடும்போது வேட்டித் தலைப்பையும் துண்டையும் விசிறியினின்று காக்க. மூடிய கொட்டகையுள் எஞ்சினை ஓட்டி வைத்தலும் ஆகாது, அப்புகை நச்சுடையது.

நம் அறிவின் எல்லையை அறிதலும் பேணலின் ஒரு கூறு. டீசல் பம்பைப் பிரித்தல், பிரேக்கு சிலிண்டர்களைப் புதுக்குதல், ஸ்டீயரிங் பெட்டியைத் திறத்தல், கியர்ப்பெட்டியை இறக்குதல் ஆகியவற்றை மெக்கானிக்கிடம் விடுக. அவரிடம் செல்லும்போது வெறுங்கையோடு செல்லாது, குறிப்பேட்டோடு செல்க. எண்ணெய் மாற்றிய நாள், ஓடிய தூரம், எழுந்த ஒலி, அது ஏறுகையிலோ இறங்குகையிலோ எழுந்தது என்பன அதில் இருப்பின், அவர் பாதி வழியிலிருந்தே ஆராயத் தொடங்கலாம். மாமன் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் இவற்றை எழுதி வருகிறார். நான் தங்கும் விடுமுறைகளில் அதனை எழுதுவது என் கடமையாயிற்று.

சென்ற கோடையில் ஒருநாட் காலை, நான் பாட்டரியின் முனைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சந்தைக்குச் செல்லும் கூடையோடு வண்டியில் ஏறவந்த அப்பெண் அருகில் நின்று, "தினமும் இதையே துடைக்கிறீர்களே தம்பி, என்ன இருக்கிறது இதில்?" என்று வினவினாள். அவளுக்கு அதுகாறும் ஒன்றும் தெரியாது. மறைக்க மனம் ஒருப்படவில்லை. அன்றிரவு வண்டி நின்றதன் காரணத்தையும், அதனைத் துடைக்காதவன் நானே என்பதையும் சொன்னேன். அவள் சிறிது நேரம் அம்முனையையே நோக்கி நின்றாள். பின்னர்க் கூடையை வண்டியுள் வைத்து, "இப்போது துடைத்தாயிற்று அல்லவா? வண்டியை எடுங்கள்" என்றாள். சாவியைத் திருப்பினேன், எஞ்சின் முதற்றிருப்பிலேயே ஓடிற்று. நோட்டில் அந்நாளின் தேதியை எழுதி, 'முனை துடைக்கப்பட்டது' என்று குறித்தபின் புறப்பட்டோம்.